அகுவாவும் அக்குவாவும்

‘அகம்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து ‘அக்கம்’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது ககரம்தான். ஆனால் முதல் சொல்லில் அது இளகி, தொண்டையை லேசாக உரசிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் இரட்டித்து நிற்பதால் வல்லினத்துக்குரிய முழு வலுவோடு வெடிக்கிறது. பள்ளிக்கூடமே போகாத தமிழர்கூட இந்த வேறுபாட்டைத் தவறாமல் செய்வார். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட வல்லினம் மெலியும், இரட்டித்தால் மெலியாது. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே எடுத்து வைத்தார்.

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். ஸ்பெயினில் தண்ணீருக்கு அகுவா. இத்தாலியில் அக்குவா. தமிழில் எழுதிவைத்துப் படித்தாலே போதும், நம் நாக்கு முதலாவதை மென்மையாகவும் இரண்டாவதை வலுவாகவும் சொல்லிவிடும். மாட்ரிட்டிலும் ஃபிளாரன்ஸிலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். இரட்டிக்கும் மெய்க்கும் ஒற்றை மெய்க்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களின் காதில் எளிதில் விழாது. இத்தாலிய வகுப்புகளில் அவர்கள் மிகவும் திணறும் இடங்களில் அதுவும் ஒன்று. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. படம், பட்டம் என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. இத்தாலியில் ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பால்லா’ என்றால் பந்து. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நோன்னோ’ தாத்தா. தமிழ் தெரிந்தவர்கள் லத்தீனிலிருந்து பிறந்த ரொமான்ஸ் மொழிகளை இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு சொற்களுக்கும் தாய், லத்தீன் மொழியின் அக்வா. அதில் வரும் ‘க்வ்’ ஒலியைக் கொஞ்சம் கவனியுங்கள், இந்தப் பதிவு முழுக்க அதுதான் நாயகன். நாக்கின் அடி தொண்டையில் ‘க்’ என்று அடைக்கும்போதே உதடுகளும் குவிகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை. இப்படி இரட்டை வேலை செய்யும் ஒலி நெடுங்காலம் அப்படியே நிலைத்து நிற்பது கடினம். ஓர் ஊரில் தொண்டை ஜெயிக்கும், இன்னோர் ஊரில் உதடு ஜெயிக்கும், வேறோர் ஊரில் இரண்டுமே தேய்ந்து காணாமல் போகும்.

ஸ்பெயினில் நடந்தது நம் ‘அகம்’ கதைதான். உயிர்களுக்கு நடுவே தனியாக நின்ற வல்லினம் எல்லாம் மெலிந்தது. லத்தீனில் வாழ்க்கைக்கு வீட்டா. ஸ்பானியத்தில் அது ‘வீதா’ ஆனது, அந்தத் தகரம் நம் ‘இது’வில் வருகிற தகரத்துக்கு மிக அருகில் ஒலிக்கும். ஓநாய்க்கு லூப்புஸ், அது ‘லோபோ’ ஆனது. பசுவுக்கு வாக்கா, அதில் ஏற்கெனவே ககரம் இரட்டித்து இருந்ததால் மெலியவில்லை, இரட்டிப்பை மட்டும் இழந்து நின்றுவிட்டது. நம் மொழியில் இன்றும் ஒவ்வொரு மூச்சிலும் நடப்பது, ஸ்பெயினில் ஒரு காலத்தில் நடந்து முடிந்து எழுத்திலும் ஏறிவிட்டது. அவ்வளவுதான் வேறுபாடு.

இத்தாலியில் வேறு வழி. ‘வ்’ போன்ற அரை உயிர் பின்னால் வந்தால், டஸ்கனி நாட்டாரும் அவர்களுக்குத் தெற்கே இருந்தவர்களும் முன்னால் இருந்த மெய்யை அழுத்திச் சொன்னார்கள். அக்வா அப்படித்தான் அக்குவா ஆனது. ‘அவன் பேசாமல் இருந்தான்’ என்பதற்கு லத்தீனில் டாக்குவிட், இத்தாலியத்தில் ‘தாக்குவே’. அங்கேயும் இதே இரட்டிப்பு. இரட்டிக்காத இடத்தில் என்ன ஆனது என்பதும் தெரிகிறது: பின்தொடர்வது என்ற பொருள்தரும் ‘செகுயிரே’ என்ற சொல்லில் பழைய ‘க்வ்’ மெலிந்துதான் போயிற்று. தண்ணீரைக் காப்பாற்றியது இரட்டிப்பு.

இந்த இரட்டிப்பு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு வாத்தியாரின் பட்டியல் சாட்சி. ‘அப்பெண்டிக்ஸ் புரோபி’ என்று பெயர். புரோபஸ் என்ற இலக்கணக்காரரின் நூலோடு சேர்த்துப் படியெடுக்கப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. வட இத்தாலியின் போப்பியோ மடத்தில் படியெடுக்கப்பட்ட பிரதி இன்று நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மொத்தம் 227 வரிகள். ஒவ்வொரு வரியும் ‘இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே’ என்ற ஒரே அச்சில் வார்த்தது. அதில் ஒன்று: அக்வா, அக்குவா அல்ல.

பட்டியலில் கண்ணுக்கு ‘ஒக்குலுஸ்’ என்று சொல், ‘ஒக்லுஸ்’ என்று சொல்லாதே என்றும் இருக்கிறது. வெந்நீருக்கு உரிய அடைமொழியை ‘காலிதா’ என்று சொல், ‘கால்தா’ என்று சொல்லாதே என்றும் இருக்கிறது. அவர் தவறு என்று சொன்ன வடிவங்களிலிருந்துதான் இன்றைய மொழிகள் வந்தன. இத்தாலியின் ஒக்கியோவும் ருமேனியாவின் ஒக்கியும் ஸ்பெயினின் ஓஹோவும் தடைசெய்யப்பட்ட ஒக்லுஸின் பிள்ளைகள். இன்றைக்கு ரோம் நகரக் குழாயில் வெந்நீர் ‘அக்குவா கால்தா’ என்ற பெயரில்தான் வருகிறது. அதில் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பட்டியலில் பிழை என்று குறிக்கப்பட்டது. அந்த வாத்தியார்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர் பொறுமையாக உட்கார்ந்து பிழைகளை எழுதிவைத்திருக்காவிட்டால், சந்தையிலும் சமையலறையிலும் பேசப்பட்ட லத்தீன் எப்படி ஒலித்தது என்பதற்கு நமக்கு மிகக் குறைந்த தடயமே இருந்திருக்கும்.

அக்குவா என்பது டஸ்கனியின் சொல், அது நாட்டின் பொதுமொழிக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1861-ல் இத்தாலி ஒரே நாடானபோது இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் 2.5 சதவீதம்தான் என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ 1963-ல் கணக்கிட்டார். அந்த எண்ணிக்கையைப் பின்னால் வந்தவர்கள் உயர்த்தினார்கள், சுமார் 10 சதவீதம் என்று சொன்னவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலோர் வீட்டில் பேசியது வேறு. அந்த வீட்டுமொழிகளில் தண்ணீர் என்னவெல்லாம் ஆகிறது தெரியுமா? வெனிஸில் இரட்டிப்பு இல்லாத அக்வா. ஜெனோவாவில் ஏகுவா. வடகிழக்கே உதினேயைச் சுற்றிப் பேசும் ஃபிரியூலியனில் ஆகெ. டோலமைட் மலைகளின் லதீன் மொழியில் ஏகா. டுரின் பக்கத்துப் பியமோந்தில் ககரமே போய் ஏவா. சார்டீனியாவுக்குப் போனால் ஒலி அடையாளமே மாறிவிடுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டிய மாற்றங்களில் பெரும்பகுதியை இத்தாலியின் எல்லைக்குள்ளேயே கேட்டுவிடலாம்.

இந்த வேறுபாடு வரைபடத்தில் ஒரு கோடாகவே விழுகிறது. மேற்குக் கரையில் லா ஸ்பெசியாவிலிருந்து கிழக்குக் கரையில் ரிமினிவரை குறுக்கே ஒரு கோடு இழுக்கிறார்கள் மொழியியலாளர்கள். கோட்டுக்கு வடக்கிலும் மேற்கிலும் வல்லினம் மெலியும், இரட்டிப்பு கரையும். தெற்கிலும் கிழக்கிலும் வல்லினம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே ஜெனோவாக்காரரின் ஏகுவா, ஒலி வழக்கத்தைப் பொறுத்தவரை, ரோமைவிட பார்சிலோனாவுக்கு நெருக்கம். பார்சிலோனாவின் கத்தலான் மொழியில் தண்ணீர் அய்குவா. அரசியல் எல்லைகளை வைத்து மொழிகளை எண்ணுகிறவர்கள் அந்தக் கோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1999-ல் இத்தாலி 482-ஆம் எண் சட்டத்தின் வழியாக 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. சார்டீனியம், ஃபிரியூலியன், லதீன் ஆகியவை அதில் உண்டு. ஜெனோவாவின் மொழியும் வெனிஸின் மொழியும் பியமோந்தின் மொழியும் இல்லை. இந்த வரிசையில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஏவா என்று சொன்ன பாட்டியின் பேரன் அக்குவா என்று மட்டும் சொல்லி வளரும் வீடுகள் பியமோந்தில் நிறைய.

பொதுமொழியான இத்தாலியத்தின் அழகையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. பலகாரத்தைப் பார்த்து நமக்கு நாக்கில் எச்சில் ஊறினால், அவர்களுக்கு வாயில் ‘அக்குவோலீனா’, அதாவது குட்டித் தண்ணீர், வரும். ‘வாயில் தண்ணீர்’ என்று மட்டும் சொன்னாலோ பொருள் வேறு: இதை யாரிடமும் சொல்லிவிடாதே. வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் பேச முடியாதல்லவா. ஒளித்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டில் தேடுகிற பிள்ளை விலகிப் போனால் மற்ற பிள்ளைகள் ‘அக்குவா, அக்குவா’ என்று கத்துவார்கள். நெருங்கினால் ‘நெருப்பு’ என்பார்கள். அசிசியின் பிரான்சிஸ் 13-ஆம் நூற்றாண்டில் உம்பிரியா வட்டார மொழியில் பாடிய படைப்புகளின் பாடலில் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்தார். இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய பாடல்களில் அது ஒன்று. ரோமில் கி.மு. 19-ல் அக்ரிப்பா கட்டிய அக்வா விர்கோ கால்வாயின் வழியில் வந்த நீர்தான் இன்றும் திரேவி நீரூற்றில் கொட்டுகிறது. அதன் இன்றைய பெயர் அக்குவா வெர்ஜினே. பெயரில் ஒரு ககரம் கூடியிருக்கிறது.

இனி சார்டீனியா. அந்தத் தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் தண்ணீருக்கு ‘அப்பா’. நம் எழுத்தில் தந்தையை அழைப்பது போலத் தெரியும். ஆனால் ‘கம்பு’ என்னும்போது ஒலிக்கிற பகரத்தை இரட்டித்துச் சொல்ல வேண்டும். முன்னே சொன்ன ‘க்வ்’ ஒலியில் இங்கே உதடு முழுதாக ஜெயித்துவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் ஜெயித்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நான்கு என்பதற்கு லத்தீனில் க்வாத்துவோர், சார்டீனியத்தில் பகரத்தில் தொடங்கும் ‘பாத்தோர்’. பெண்குதிரைக்கு லத்தீனில் ஏக்வா, சார்டீனியத்தில் ‘எப்பா’. மூன்று இடத்திலும் ஒரே நடை.

தீவின் நடுவில் அப்பாசாந்தா என்றொரு ஊர், பொருள் ‘புனித நீர்’. அதை ஒட்டினாற்போல் கிலார்சா. அந்தோனியோ கிராம்சி வளர்ந்த ஊர் அது. கிராம்சியை நாம் அரசியல் சிந்தனையாளராகத்தான் படித்திருக்கிறோம். ஆனால் டுரின் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனது மொழியியல் படிக்க. அவருடைய பேராசிரியர் மத்தேயோ பார்த்தோலி. மாணவர் சார்டீனியர் என்பதால் பார்த்தோலி அவரிடம் சார்டீனியச் சொற்களைப் பற்றிக் கேட்பார். கிராம்சி வீட்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சொல்லை நம் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்து அறிவார். பின்னாளில் சிறையிலிருந்து 1927-ல் தங்கை தெரெசினாவுக்கு எழுதியபோதும், பிள்ளைகள் சார்டீனியம் பேசி வளரட்டும், அதைத் தடுக்காதே என்றுதான் எழுதினார். முசோலினியின் சிறையில் இருந்தவருக்கு வீட்டுப் பிள்ளைகளின் பேச்சுமொழி பற்றிக் கவலைப்பட நேரம் இருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

அதே பார்த்தோலிதான் அதற்கு முன்பு 1897-ல், இன்று குரோஷியாவைச் சேர்ந்த கிர்க் தீவில், டால்மேஷியன் மொழியின் கடைசிப் பேச்சாளரான துவோனே உதாய்னாவைச் சந்தித்து அவர் நினைவிலிருந்த சொற்களையெல்லாம் குறித்துக்கொண்டார். அந்த முதியவருக்குக் காது சரியாகக் கேட்காது, பற்களும் விழுந்துவிட்டன. அந்த மொழியில் பேச ஆளில்லாமல் போய் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சொன்ன சொற்களில் தண்ணீருக்கு யாக்வா. அடுத்த ஆண்டு, 1898 ஜூன் 10 அன்று, சாலைப் பணியில் நடந்த வெடிவிபத்தில் அவர் இறந்தார். பார்த்தோலி ஓராண்டு தாமதித்திருந்தால் யாக்வா என்ற வடிவம் உலகத்துக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். கடைசி ஆள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதைவிட மொழியியலில் உயர்ந்த வேலை இல்லை என்பது என் எண்ணம்.

பிரான்சிலும் அப்படி ஒருவர் இருந்தார். எத்மோன் எத்மோன் என்று பெயர், வடக்கே சேன் போல் ஊர்க்காரர். பட்டம் பெற்ற மொழியியலாளர் இல்லை, ஆனால் ஒலிகளை நுட்பமாகப் பிடிக்கும் காது இருந்தது. மொழியியலாளர் ழில் ஜில்லியெரோன் அவரைத் தேர்ந்தெடுத்து, 1897 முதல் 1901 வரை பிரெஞ்சு பேசும் நிலமெங்கும் 639 ஊர்களுக்கு அனுப்பினார். எத்மோன் பெரும்பாலும் சைக்கிளில் போனார். அதிலிருந்து உருவான மொழி வரைபடத் தொகுப்பைத் திறந்தால், வடக்கே தேய்ந்து நிற்கும் ‘ஓ’வும் தெற்கே முழுதாக ஒலிக்கும் ‘அய்கோ’வும் ஒரே நாட்டுக்குள் தெரியும்.

அக்வா எப்படி ‘ஓ’ ஆனது என்பதுதான் இந்தக் குடும்பத்திலேயே பெரிய பயணம். முதலில் ககரம் மெலிந்தது, பிறகு முற்றிலும் கரைந்து அவா போல ஆனது. சுவிட்சர்லாந்தில் 1938-ல் வாக்கெடுப்பு நடத்தி நான்காவது தேசிய மொழியாக ஏற்ற ரொமாஞ்ச் மொழி இன்றும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அவர்களுக்குத் தண்ணீர் அவா, சில பள்ளத்தாக்குகளில் ஓவா. பிரான்சிலோ மேலும் தேய்ந்து எவெ ஆனது, நடுவில் ஓர் அகரம் புகுந்து எஅவ் என்று மூன்று உயிர்கள் ஒட்டிக்கொண்டன, கடைசியில் மூன்றும் ஒன்றாகிச் சுருங்கி ஓ. எழுத்துக்கூட்டல் மட்டும் மூன்று உயிரெழுத்துகளோடு பழைய நடையில் நிற்கிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஓகாரத்துக்குரிய எழுத்து இல்லை. நடுவில் வந்த ‘எவெ’ பிரெஞ்சுக்காரர்களின் சமையலறையில் இன்னும் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அவர்கள் ‘எவியே’ என்கிறார்கள்.

நம் வீடுகளுக்கும் இந்த ‘ஓ’ ஒரு காலத்தில் வந்தது. காய்ச்சல் நெற்றியில் துணியை நனைத்துப் போட்ட யூடிகோலன் நினைவிருக்கிறதா? ‘கொலோன் நகரத் தண்ணீர்’ என்ற பிரெஞ்சுத் தொடர் அது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோனில் குடியேறிய ஜொவான்னி மரியா ஃபரினா என்ற இத்தாலியர் செய்த வாசனைநீருக்கு பிரெஞ்சில் பெயர் அமைந்தது. அந்த ‘யூ’தான் ரோமர்களின் அக்வா.

ஊர்ப்பெயர்களில் அக்வா ஒளிந்திருக்கும் விதம் இன்னும் அருமை. ரோமர்கள் வெந்நீர் ஊற்று கண்ட இடங்களுக்கெல்லாம் பன்மையில் ‘நீர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். கி.மு. 122-ல் செக்ஸ்தியஸ் நிறுவிய ‘செக்ஸ்தியஸின் நீர்கள்’ இன்று தெற்கு பிரான்சின் எக்ஸ். தென்மேற்கில் ‘ஆக்ஸ்’ என்று சுருங்கிய ஊர்ப்பெயரோடு முன்னே இருந்த ‘தெ’ என்ற உருபும் ஒட்டிக்கொண்டு தாக்ஸ் என்றாயிற்று. ஒன்பதாம் லூயி 1248-ல் சிலுவைப்போருக்குக் கப்பலேறிய எக்மோர்த் துறைமுகத்தின் பெயருக்கு ‘செத்த நீர்’ என்று பொருள். பியமோந்தின் அக்குயி தெர்மே ஊரின் நடுவிலே சுமார் 75 டிகிரி வெப்பத்தில் ஊற்றுநீர் இன்றும் கொட்டுகிறது. பழைய பெயர் நிற்கிறது, பழைய தண்ணீரும் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது போர்ச்சுகலின் வடக்கிலுள்ள ஷாவெஸ். ஃபிளேவிய அரச வம்சத்தின் பெயரால் ‘ஃபிளேவிய நீர்கள்’ என்று ரோமர்கள் அழைத்த ஊர். போகப்போக நீர்கள் உதிர்ந்துபோய் ஃபிளேவியீஸ் மட்டும் மிஞ்சியது. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஃப்ள்’ போர்ச்சுக்கீசியத்தில் சகரமாக மாறும். தீச்சுடரின் பெயரான ஃபிளம்மா ‘ஷாமா’ ஆனதும் அப்படித்தான். ‘க்ள்’ ஒலிக்கும் அதே கதிதான், ஆகவே திறவுகோலின் லத்தீன் பெயரான கிளாவிஸ் ‘ஷாவெ’ ஆனது. விளைவாக, தண்ணீரால் பெயர் பெற்ற ஊர் இன்று போர்ச்சுக்கீசியக் காதுக்குத் ‘திறவுகோல்கள்’ என்று கேட்கிறது. அந்த ஷாவெ கப்பலேறி நம்மிடம் வந்துதான் சாவி ஆனது.

போர்ச்சுக்கீசியரின் தண்ணீர் ஆகுவா. அண்டைப் பகுதியான கலீசியாவில் அதே ஒலிகள் இடம் மாறி அவ்கா. இவற்றை விட்டுவிட்டு ருமேனியாவுக்குப் போகிறேன், ஏனென்றால் நான் இவ்வளவும் எழுதியது அங்கே போய்ச் சேரத்தான்.

ருமேனிய மொழியில் தண்ணீருக்கு ‘அப்ப’. ஈற்றில் வருகிற உயிர் முழு அகரம் அல்ல. நம் குற்றியலுகரம் போல அரைகுறையாக ஒலிக்கும். ஆகவே கேட்பதற்கு ஏறக்குறைய ‘அப்பு’. தமிழ் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். ஐம்பூதங்களில் நீருக்கு அப்பு என்றொரு பெயர் உண்டு. திருவானைக்காவலை அப்புத் தலம் என்கிறோம். நம் அப்பு வடமொழியின் ‘அப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பாரசீகத்தில் அதன் உறவு ‘ஆப்’. ஐந்து ஆறுகளின் நாடான பஞ்சாபின் பெயரில் இருப்பது அதுதான். அப்படியானால் திருவானைக்காவலும் புக்கரெஸ்டும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றனவா?

இல்லை. இதைத் தெரிந்துகொள்ளும் முறைதான் முக்கியம். ருமேனியத்தில் பெண்குதிரைக்கு ‘யாப்ப’, லத்தீன் ஏக்வாவிலிருந்து. நான்குக்கு ‘பாத்ரு’, லத்தீன் க்வாத்துவோரிலிருந்து. நாக்குக்கும் மொழிக்கும் ‘லிம்ப’, லத்தீன் லிங்வாவிலிருந்து. இந்தச் சொற்களிலெல்லாம் அகரத்துக்கு முன்னால் வந்த ‘க்வ்’ அங்கே உதட்டொலி ஆகிவிட்டது. ஆகவே அப்ப என்பது அக்வாவின் சொந்தப் பிள்ளை, சார்டீனியத்தின் அப்பாவுக்கு உடன்பிறப்பு. வடமொழியிலோ பழைய ‘க்வ்’ ஒலி ஒருபோதும் பகரம் ஆகாது. ககரமாகவோ சகரமாகவோதான் ஆகும். லத்தீனின் க்வாத்துவோருக்கு வடமொழியில் இணை ‘சத்வார’, நம் சதுரத்தில் இருப்பது அது. அக்வாவுக்கு வடமொழியில் உறவு இருந்திருந்தால் அதிலே ககர சகரம்தான் இருந்திருக்கும். ‘அப்’பில் இருப்பது ஆதியிலிருந்தே பகரம். இரண்டு வேறு வேர்கள், இரண்டு வேறு பயணங்கள், முடிவில் ஒரே போன்ற ஒலி.

திரும்பிப் பாருங்கள். ஓ என்பதும் அப்ப என்பதும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாத சொற்கள், ஆனால் கூடப் பிறந்தவை. அப்ப என்பதும் அப்பு என்பதும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் உறவே இல்லை. முகச்சாயலை நம்பினால் இரண்டு இடத்திலும் ஏமாறுவோம்.

இதே முறை நமக்கு உறவுகளைக் கொண்டுவந்தும் சேர்த்திருக்கிறது. பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியில் தண்ணீருக்கு ‘தீர்’. அதைத் தனியாகப் பார்த்தால் நம் நீரோடு சேர்க்கத் தயக்கம் வரும். ஆனால் அந்த மொழியில் இரத்தத்துக்கு ‘தித்தர்’ என்று இருக்கிறது, சங்கத் தமிழில் நெய்த்தோர், தெலுங்கில் நெத்துரு. நம் நகரம் நிற்கிற இடத்தில் அங்கே தகரம் நிற்கிறது. ஒன்றுக்கு இரண்டு சாட்சி வந்ததும் தீர் என்பது நீர்தான் என்று உறுதியாகிறது. இந்த உறவை நிறுவியது ஒலி ஒழுங்கு.

உலக மொழிகளிலிருந்து தமிழ்போல ஒலிக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்து ‘இதோ நம் சொல்’ என்று காட்டும் பதிவுகள் நாள்தோறும் நமக்கு வருகின்றன. எழுதுகிறவர்களின் மொழிப்பற்று எனக்குப் புரிகிறது, அந்தப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் அடுத்த முறை அப்படி ஒரு சோடி உங்கள் கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன்னால் எழுதியவரிடம் இன்னும் மூன்று சொற்களைக் கேளுங்கள். அதே ஒலி அதே விதமாக மாறிய மூன்று சொற்கள். கொடுத்தால் உட்கார்ந்து படியுங்கள். கொடுக்க முடியாவிட்டால் அதைப் பகிராமல் விட்டுவிடுங்கள்.